கரணையும் விதையும்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டம் ஒன்றின் ஆண்டு விழாவில் உயிரணுப் பகுப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்னும் ஐயம் அவையோர் சிலர்க்கு எழலாம். கரும்பை முன்னிட்டுப் பேசினால் அந்த ஐயம் தீரும். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடிய செய்தி புறநானூற்றில் உள்ளது. தடித்த இனிப்புக் கரும்பு முதன்முதலில் பயிராக்கப்பட்ட இடம் நியூகினித் தீவு என்று இன்றைய பயிரியலார் கூறுவர். கரும்பு வேறோர் இடத்திலிருந்து வந்தது என்ற அளவில் புலவர் வாக்கும் ஆய்வாளர் முடிவும் ஒத்திருக்கின்றன.

கரும்பு நடும் உழவர் விதையைத் தேடுவதில்லை. முற்றாத கரும்பை இரு பரு, மூன்று பரு கொண்ட கரணைகளாக வெட்டிப் பாரில் பதிப்பார். பரு முளைத்துக் கரும்பாகும். அறுவடைக்குப் பின் அடிக்கட்டை தழைத்து மறுதாம்பாகும். இவ்வாறு எத்தனை ஆண்டு நட்டாலும் தாய்க் கரும்பின் நிறம், கணு இடைவெளி, சாற்றின் இனிப்பு, நோய்க்கு ஆட்படும் தன்மை ஆகிய யாவும் மாறாமல் வரும். காரணம் எளியது. பரு வளரும்போது நிகழும் பகுப்பில் ஓர் உயிரணு தன்னிடமுள்ள மரபுச் செய்தி முழுவதையும் படியெடுத்து இரண்டு சேயணுக்களுக்கும் அப்படியே தருகிறது. ஆயிரம் ஏக்கரில் நின்றாலும் ஒரே வகைக் கரும்பு என்பது உண்மையில் ஒரே செடிதான், துண்டுகளாக நிற்கும் ஒரே செடி.

அதே கரும்பு பூப்பதும் உண்டு. கோயம்புத்தூரில் அக்டோபர், நவம்பர்த் திங்கள்களில் வெள்ளிநிறப் பூங்கதிர் தலைதூக்கும். அதில் விளையும் விதை கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு மணி. பட்டுப்போன்ற மயிர் சூழ்ந்திருப்பதால் காற்றில் பஞ்சாகப் பறந்துவிடும். அந்தப் பஞ்சைச் சேர்த்துத் தட்டில் விதைத்தால் முளைக்கும் நாற்றுகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இராது. ஒன்று தடித்திருக்கும், ஒன்று நாணல்போல் மெலிந்திருக்கும். ஒன்றின் சாறு இனிக்கும், பக்கத்து நாற்றின் சாறு சப்பென்றிருக்கும். தாயும் ஒன்று, தந்தையும் ஒன்று, கதிரும் ஒன்று. பின் இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது?

இவ்வினாவிற்கு விடையாக அமைவதுதான் குன்றல் பகுப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இப்பெயரை வழங்க, ஈழத்துப் பாடநூல்கள் ஒடுக்கற்பிரிவு என்று வழங்குகின்றன. 1905இல் ஃபார்மர், மூர் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் இதற்கு இட்ட கிரேக்கப் பெயருக்கும் குறைதல் என்பதே பொருள். அணியிலக்கணத்தில் ஒன்றைக் குறைத்துக் கூறும் உத்திக்கும் மேலைநாட்டார் இதே சொல்லை ஆள்வர் என்பது இலக்கிய அன்பர்க்குச் சுவையான செய்தி. சொல்லாக்கத்தில் ஒரு குறை மட்டும் சுட்டத்தக்கது. குன்றல் என்றாலும் ஒடுக்கல் என்றாலும் அப்பகுப்பின் செயலில் பாதியே அச்சொல்லால் விளங்குகிறது. குன்றுவது எண்ணிக்கை. அக்குன்றலின்போதே வகை பெருகுகிறது என்பதை எப்பெயரும் காட்டவில்லை.

எண்ணிக்கை குன்றவேண்டிய தேவையை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் செர்மானிய அறிஞர் ஆகுஸ்ட் வைஸ்மன். உயிரணுவின் உட்கருவில் சாயமேற்றினால் தெரியும் நூல்களுக்குக் குரோமோசோம்கள் என்று பெயர். தாயின் அணுவும் தந்தையின் அணுவும் தத்தம் நூல்களை முழுமையாகக் கொணர்ந்து சேர்ந்தால் தலைமுறைதோறும் நூல்களின் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும். அப்படி நேரவில்லை. ஆகவே பாலணுக்கள் உருவாகும்போது எங்கோ ஒரு பாதியாக்கம் நடந்தே தீரவேண்டும் என்று 1887இல் அவர் முடிவு கட்டினார். அது கணக்கினின்று பிறந்த முடிவு. நுண்ணோக்கியாளர் அதனைப் படிப்படியாக உறுதி செய்தனர்.

பாதியாக்கம் நடக்கும் முறையைச் சற்று நின்று காணவேண்டும். மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டால் அதன் உயிரணுவில் 20 குரோமோசோம்கள் 10 இணைகளாக உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய்வழி வந்தது, மற்றது தந்தைவழி வந்தது. இவ்விரண்டையும் இரு மணிச்சரங்களாக எண்ணுக. தாய்ச்சரத்தின் மணிகள் சிவப்பு, தந்தைச்சரத்தின் மணிகள் வெள்ளை. மணிகளின் வரிசை இரண்டிலும் ஒன்றே. ஐந்தாம் மணி விதையின் நிறத்திற்கு உரியது என்றால் இரு சரத்திலும் ஐந்தாம் மணி நிறத்திற்கே உரியது. ஆனால் ஒன்றில் அது நிறம் தருவதாகவும் மற்றதில் நிறம் தராததாகவும் இருக்கலாம்.

பகுப்புத் தொடங்குமுன் ஒவ்வொரு சரமும் தன்னைப்போல் இன்னொன்றைப் படியெடுத்துக்கொள்கிறது. இப்போது சிவப்புச் சரம் இரண்டு, வெள்ளைச் சரம் இரண்டு. இந்நான்கும் மணிக்கு மணி நேராக நெருங்கிப் படுக்கின்றன. அந்நெருக்கத்தில் ஒரு சிவப்புச் சரமும் ஒரு வெள்ளைச் சரமும் ஒரே இடத்தில் அறுந்து, ஒன்றின் துண்டு மற்றதனோடு மாறி ஒட்டிக்கொள்கிறது. இதற்குக் குறுக்கேற்றம் என்று பெயர். இது முடிந்தபின் பார்த்தால் ஒரு சரம் முழுச் சிவப்பு, ஒன்று முழு வெள்ளை, ஒன்று தலை சிவந்து வால் வெளுத்தது, ஒன்று தலை வெளுத்து வால் சிவந்தது. பின்னர் இரண்டு பகுப்புகள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. முதற் பகுப்பில் இணைகள் பிரிகின்றன, இரண்டாம் பகுப்பில் படிகள் பிரிகின்றன. முடிவில் நான்கு சேயணுக்கள்.

இரண்டாம் பகுப்பு வெறும் திரும்பச் செய்தல் என்று மாணவர் பலர் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். அது பிழை. குறுக்கேற்றம் நிகழ்ந்தபின் சகோதரச் சரங்கள் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஆகவே அவற்றைப் பிரிக்கும் இரண்டாம் பகுப்பும் வேறுபட்ட பங்கையே தருகிறது. நான்கு சேயணுக்களும் நான்கு வகை.

இது ஓர் இணையின் கதை. பத்து இணைகளும் முதற் பகுப்பிற்காக நடுவில் அணிவகுக்கும்போது எந்த இணையின் தாய்ச்சரம் எப்பக்கம் நோக்கி நிற்கும் என்பதில் ஒழுங்கு ஏதும் இல்லை. ஓர் இணை நின்ற வாக்கு அடுத்த இணையைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. இதைச் சார்பின்றி ஒதுங்குதல் என்பர். மக்காச்சோளத்தில் இதனால் மட்டும் 1,024 வகைப் பாலணுக்கள் உருவாகக்கூடும். 23 இணைகள் கொண்ட மனிதரில் அந்த எண் 83,88,608. கணவன், மனைவி இருவர் பங்கையும் சேர்த்துப் பெருக்கினால் 70 லட்சம் கோடிக்கு மேல் செல்லும். குறுக்கேற்றத்தை இக்கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒரு வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் பாட்டியின் சாயலிலும் மற்றவர் யாருடைய சாயலிலும் இல்லாமலும் இருப்பதற்கு இது காரணம். பெற்றோரில் ஒவ்வொருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வருவது சரிபாதி. உடன்பிறந்தார் இருவர் தமக்குள் பகிர்ந்துகொள்வதோ சராசரியாகத்தான் பாதி. 2006இல் வெளியான ஆய்வொன்று ஆயிரக்கணக்கான உடன்பிறந்த இணைகளை ஆராய்ந்தது. அப்பங்கு சிலரில் 37 விழுக்காடாகக் குறைந்தும் சிலரில் 62 விழுக்காடாக உயர்ந்தும் இருந்தது. ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையர் மட்டும் கரணை வழிவந்த கரும்பைப் போன்றவர். இரத்தம் கலந்து ஓடுகிறது என்று வழக்கில் சொல்வது பாலும் நீரும் கலப்பதை ஒத்த எண்ணம். இங்கு எதுவும் கரைவதில்லை. மணிகள் மணிகளாகவே இருக்கின்றன, கோவை மட்டுமே மாறுகிறது. பாட்டியோடு போய்விட்டதாக நினைத்த ஒரு பண்பு பேரனிடம் முழுமையாக எழுந்து நிற்பதும் அதனால்தான்.

குறுக்கேற்றம் உண்மையில் நடக்கிறது என்பதற்குச் சான்று எளிதில் கிடைத்துவிடவில்லை. பெல்ஜியத்து லூவன் நகரில் பணியாற்றிய ஜான்சென்ஸ் என்னும் பாதிரியார், நிலநீர்வாழ் உயிர்களின் விந்தணுக்கள் உருவாகும்போது நூல்கள் சிலுவைபோல் குறுக்கிட்டு நிற்பதைக் கண்டு, அவை துண்டு மாற்றிக்கொள்கின்றன என்று 1909இல் கருத்துரைத்தார். அமெரிக்காவில் மார்கனும் அவர் மாணவர் ஸ்டர்ட்டிவன்ட்டும் பழ ஈக்களை இனக்கலப்புச் செய்து, பண்புகள் எத்தனை முறை பிரிந்து வருகின்றன என்று எண்ணினர். அந்த எண்ணிக்கையைக் கொண்டே 1913இல் ஸ்டர்ட்டிவன்ட் மரபணுக்களின் முதல் வரைபடத்தைத் தீட்டினார். ஆயினும் ஓர் ஐயம் நின்றது. ஈக்களில் பண்பு மாறி வருவது கண்கூடு. நூல் குறுக்கிட்டு நிற்பதும் கண்கூடு. முன்னதற்குப் பின்னதுதான் காரணம் என்று காட்டுவது யார்?

1931இல் அதைக் காட்டியவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெண்கள் இருவர். ஹாரியட் கிரைட்டன், பார்பரா மக்ளின்டாக் என்போர். இருபதாண்டு தீராத வழக்கை அவர்கள் தீர்த்த முறை நீதிமன்றத்தில் அடையாளம் காட்டும் சாட்சியத்தை ஒத்தது. மக்காச்சோளத்தின் ஒன்பதாம் குரோமோசோமில் ஒரு வகைக்கு ஒரு முனையில் சாயம் ஏறிய குமிழ் இருந்தது. மறுமுனையில் எட்டாம் குரோமோசோமிலிருந்து வந்து ஒட்டிய ஒரு நீட்சி இருந்தது. அதன் இணைக்கு இவ்விரண்டு அடையாளமும் இல்லை. அந்நூலின்மேல் விதையின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றும், உள்ளீட்டு மாவு மெழுகுத் தன்மை உடையதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றும் இருந்தன. அதாவது கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இரண்டு, பண்பால் தெரியும் அடையாளம் இரண்டு. அடுத்த தலைமுறை மணிகளை விதைத்து, பண்பு மாறி வந்த செடிகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்தனர். அங்கே குமிழ் உண்டு, நீட்சி இல்லை. அல்லது நீட்சி உண்டு, குமிழ் இல்லை. பண்பு மாறியபோது நூலும் மாறியிருந்தது. அவ்வாண்டிலேயே கர்ட் ஸ்டெர்ன் பழ ஈயில் இதே முடிவைக் கண்டார். மக்ளின்டாக்குக்கு 1983இல் நோபெல் பரிசு கிடைத்தது வேறொரு கண்டுபிடிப்பிற்காக. இவ்வொன்றே ஒருவரின் பெயரை நிலைநிறுத்தப் போதுமானது.

அதே 1931இல்தான் தலைச்சேரியில் பிறந்து சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற ஜானகி அம்மாள், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் குரோமோசோம் ஆய்வாளராகப் பணிபுரிந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்த துணிவு அவருடையது. 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு உலகெங்கும் பயன்பட்டது.

கோயம்புத்தூர் நிலையம் எழுந்த வரலாற்றிற்கு முன்கதை ஒன்று உண்டு. கரும்பின் விதை முளைக்காது என்றே நெடுங்காலம் பலர் நம்பியிருந்தனர். 1880களில் ஜாவாத் தீவில் செரே என்னும் நோய் கரும்பைத் தாக்கியது. நட்ட கரணை யாவும் ஒரே செடியின் துண்டுகள் ஆதலின் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றிற்கும் வந்தது. மாற்று வகை தேடும் கட்டாயத்தில் இருந்த அக்காலத்தில், 1887இல் ஜாவாவில் சோல்ட்வெடலும் 1888இல் பார்படோசில் ஹாரிசன், போவெல் இருவரும் விதை முளைப்பதை மெய்ப்பித்தனர். கரும்பில் புதுவகை தேட வழி அன்றுதான் திறந்தது.

1912இல் கோயம்புத்தூரில் நிலையம் தொடங்கப்பெற்றது. வட இந்தியாவில் அரிதாகவே பூக்கும் கரும்பு இவ்வூரில் நன்கு பூத்து விதை கட்டுவதே இவ்விடத்தின் சிறப்பு. சி. ஏ. பார்பரும் அவரோடு உழைத்துப் பின் நிலையத்தின் தலைவரான டி. எஸ். வெங்கட்ராமனும் ஒரு புதுமை செய்தனர். வெள்ளை என்னும் தடித்த இனிப்புக் கரும்பைத் தாயாகவும், அப்பகுதியில் தானே வளரும் நாணலைத் தந்தையாகவும் கொண்டு கலப்புச் செய்தனர். நாணலில் சருக்கரை மிகக் குறைவு. ஆனால் குளிரும் வறட்சியும் நோயும் அதனை எளிதில் வெல்ல மாட்டா. அக்கலப்பில் தேர்ந்தெடுத்த கோ 205 என்னும் வகை 1918இல் பஞ்சாப் உழவர் கைக்குச் சென்றது. கோ என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து.

கோ 205இன் குரோமோசோம் எண்ணிக்கை 112. வெள்ளைக்கு 80, நாணலுக்கு 64. பாதி பாதியாக வந்திருந்தால் 40உம் 32உம் சேர்ந்து 72 ஆகவேண்டும். வந்ததோ 112. அதாவது தந்தையாகிய நாணல் முறைப்படி 32 தந்தது, தாயாகிய வெள்ளை குன்றாமல் தன் 80ஐயும் கொடுத்துவிட்டது. இனிப்புக் கரும்பு தாயாகவும் நாணல் தந்தையாகவும் அமையும் கலப்பில் இவ்வாறு நேர்வதை ஜாவாவில் பிரெமர் 1920களில் எடுத்துக்காட்டினார். குன்றல் பகுப்பின் நெறிக்கு இது விலக்கு. அவ்விலக்கால் ஒரு நன்மை விளைந்தது. இனிப்பின் பங்கு குறையாமல், நாணலின் வன்மை கூடியது.

எனினும் இவ்வளவில் நூல்கள் ஒரே கூட்டிற்குள் வந்து சேர்ந்தன, அவ்வளவே. இனிப்பு நூலும் நாணல் நூலும் துண்டு மாற்றிக்கொள்ள வேண்டுமானால் அக்கலப்பினமும் அதன் வழித்தோன்றல்களும் தாமே பூத்துத் தம் மகரந்தத்தையும் சூலையும் உருவாக்க வேண்டும். அங்ஙனம் நேர்ந்ததா என்பதைப் பல பத்தாண்டுகள் கழித்து, 1996இல், பிரான்சு நாட்டு அறிஞர் ஆஞ்செலிக் தோன்ட்டும் அவர் குழுவினரும் கண்ணாலேயே காட்டினர். ஆர் 570 என்னும் கரும்பின் குரோமோசோம்களில் இனிப்புக் கரும்பின் பகுதி ஒரு நிறத்திலும் நாணலின் பகுதி வேறு நிறத்திலும் ஒளிரும்படி செய்து பார்த்தபோது, ஏறத்தாழப் பத்து விழுக்காடு முற்றும் நாணலின் நூலாக இருந்தது. இன்னொரு பத்து விழுக்காட்டு நூல்களில் இரு நிறமும் ஒட்டியிருந்தன. மக்காச்சோளத்தில் குமிழும் நீட்சியும் சொன்ன சான்றைக் கரும்பில் நிறம் சொல்லிற்று. இதே ஆர் 570இன் மரபுத் தொகுதி 2024இல் விரிவாகப் படித்தறியப்பட்டு வெளியானது.

குறுக்கேற்றத்திற்கு இன்னொரு பணியும் உண்டு. துண்டு மாறிய இடத்தில் விழும் முடிச்சே இணை நூல்களைப் பிரியும் நேரம் வரை சேர்த்துப் பிடித்திருக்கிறது. முடிச்சு விழாத இணை பல உயிர்களில் முறையின்றிச் சிதறும். சேயணு ஒன்றுக்கு இரண்டு நூல் போகும், மற்றதற்கு ஒன்றும் இராது. ஆகவே வேற்றுமையை உண்டாக்கும் அந்த முடிச்சேதான் ஒழுங்கையும் காக்கிறது. நூறுக்கு மேற்பட்ட நூல்களைச் சுமக்கும் கரும்பில் இவ்வொழுங்கு சிற்சில இடங்களில் தவறுவதால் உடன்பிறந்த நாற்றுகளுக்குள் குரோமோசோம் எண்ணிக்கையே வேறுபடுவதும் உண்டு.

இவ்வளவும் ஆய்வுக்கூடத்துச் செய்தியாக நின்றுவிடவில்லை. கோயம்புத்தூர் நிலையத்தின் கர்னால் மண்டல மையத்தில் உருவாகி 2009இல் வெளியிடப்பட்ட கோ 0238 என்னும் வகை உத்தரப் பிரதேசத்தில் விளைச்சலையும் சருக்கரைக் கட்டுமானத்தையும் ஒருசேர உயர்த்தியது. உழவரும் ஆலையாரும் அதையே விரும்பினர். 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மாநிலக் கரும்புப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் அவ்வொரு வகையே நின்றது. அது பல லட்சம் ஏக்கரில் பரந்த ஒரே செடி என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். செவ்வழுகல் நோய் அதைப் பற்றியது. இலை காய்ந்து, தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து இடையிடையே வெண்திட்டுகள் தெரியும், புளித்த கள்ளின் நாற்றம் வீசும். அந்நோய்ப் பூஞ்சை பெரும்பாலும் நோயுற்ற கரணை வழியாகவே அடுத்த வயலுக்கும் அடுத்த பருவத்திற்கும் செல்வது. கரணையைக் கொடுத்துதவிய அண்டைவீட்டார் அறியாமலே நோயையும் கொடுத்தனுப்பினார். பூஞ்சை தன் வகையை மாற்றிக்கொண்டே இருந்தது. மாறாமல் நின்றது கரும்புதான். குற்றம் அவ்வகையினது அன்று. நல்லதொன்று கிடைத்தவுடன் மற்றவற்றைக் கைவிட்ட அவசரத்தினது.

மாற்று எங்கிருந்து வரும்? கரணையிலிருந்து வாராது. கோயம்புத்தூரின் கலப்புத் தோட்டத்தில் பல மாநிலத்து ஆய்வாளரும் தமக்கு வேண்டிய பெற்றோரைத் தேர்ந்து கலப்புச் செய்து விதைப்பஞ்சைக் கொண்டுசெல்கின்றனர். விதைத்த நாற்றுகளில் மிகப் பெரும்பாலானவை பயனற்றவை என்று முதல் ஆண்டுகளிலேயே கழிக்கப்படும். எஞ்சியவற்றில் ஒன்றிரண்டு உழவர் கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். இந்தக் கழிவைக் கண்டு உழைப்பு வீண் என்று எண்ணுவோர் உண்டு. எந்த மணிக்கோவைக்கு எந்த நோயைத் தாங்கும் வன்மை வாய்த்திருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாதபோது, கழிவில்லாமல் தேர்வு ஏது?

உத்தரப் பிரதேச உழவர்க்குக் கோ 0238ஐ விட்டு மாறும்படி அறிவுரை கூறப்பட்டபோது பரிந்துரைக்கப்பட்ட வகைகளுள் கோ 0118, கோ 15023 ஆகியவை அடங்கும். இரண்டும் பூங்கதிரில் விளைந்த விதைகளிலிருந்து முளைத்தவை. தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து அவையும் கரணையாகவே நடப்பட்டு வருகின்றன.